சிறுசேரிலேர்ந்து திரும்பி வரும்போது தோணினது

மச்சி,

உன் லெட்டர் வந்து ஒரு மாசம் ஆச்சு, பதில் போடலன்னு கோச்சுக்காத. இங்க எல்லாரும் சௌக்கியம், பொண்ணு பி.எஸ்சி மேத்ஸ் சேந்துட்டா, அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கு.

போன வாரம் சிறுசேரில சிஎம்ஐக்கு (சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்) ஒரு லெக்சர் கேக்கப் போனேன்டா, கணித மேதை சேஷாத்ரி ஆரம்பிச்ச இடம். நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் ஞாபகம் இருக்கா, ஸ்டேபிள் வெக்டார் பண்டில்களப் பத்தினது, 1965ல வந்தது, நம்ம லயோலால படிச்ச ரெண்டு பேரு. நாம செமினார்ல அத ஒப்பிச்சுட்டு வந்தோமே தவிர, ஸ்டேபிள்னா என்னன்னு எனக்கு நெஜமா இப்பதான் புரியுது. ஒரு கூட்டுக் குடும்பத்துல தலைக்கு இவ்ளோ வருமானம்னு ஒரு சராசரி வருதுல்ல, உள்ள நாலு பேர் தனியா சேந்து கணக்கு போட்டா அவங்க சராசரி அதவிட ஏறவும் கூடாது, சமமாவும் வரக்கூடாது, எந்த நாலு பேர எடுத்தாலும் கம்மியாதான் இருக்கணும். வெக்டார் பண்டில்னா ஒரு வெளியோட ஒவ்வொரு புள்ளிலயும் ஒரு வெக்டார் ஸ்பேஸ ஒட்டி வச்சது, அதுக்கும் இதே கணக்குதான், டிகிரிய (மொத்தமா எவ்ளோ முறுக்கிருக்குன்னு சொல்ற எண்) ரேங்க்கால (ஒட்டின ஸ்பேஸோட டைமென்ஷன்) வகுத்துக்கோ, அதான் சராசரி.

இது வெறும் அல்ஜீப்ரா. ஆனா 1983ல டொனால்ட்சன் இதே தேற்றத்துக்கு மெட்ரிக், அதாவது நீளம் அளக்கற விதி, வச்சு வேற ப்ரூஃப் குடுத்தார், அப்புறம் 1986ல ஊலன்பெக்கும் யாவும் எல்லா டைமென்ஷனுக்கும் பண்ணாங்க. அதுல என்ன அழகுன்னா, வளைவு எல்லாப் பக்கமும் சமமா பரவுற மெட்ரிக்க தேடிட்டே போறோம், அது கிடைக்காம கைய விட்டு நழுவுச்சுன்னா, நழுவுன இடத்துலேர்ந்தே ஒரு சப்-ஷீஃப், அதாவது பண்டிலுக்கு உள்ள இருக்கற ஒரு சின்னத் துண்டு, வெளிய வருது, அதோட சராசரி முழுசோட சராசரிக்குக் கொறையாது! தோத்துப் போன சமன்பாடே யாரு குடும்பத்தப் பிரிச்சாங்கன்னு காட்டிக் குடுக்குதுடா. பஸ்ல வரும்போது இதையே நெனச்சு சோழிங்கநல்லூர் வந்ததே தெரியல.

வெளிகளுக்கும் இப்படித்தான். வெளியோட வளைவே சமமா பரவுற மெட்ரிக்குக்கு கேலர்-ஐன்ஸ்டீன் மெட்ரிக்னு பேரு, முதல் செர்ன் கிளாஸ் (வெளியோட வளைவ மொத்தமா சொல்ற ஒரு அளவு) நெகட்டிவ்வோ ஜீரோவோன்னா அது எப்பவும் இருக்கும், 70கள்லயே ஓபானும் யாவும் முடிச்சுட்டாங்க. பாசிட்டிவ்னாதான் சண்ட. ப்ரொஜெக்டிவ் ப்ளேன்ல ஒரே ஒரு புள்ளிய ப்ளோ-அப் பண்ணிப் பாரு, அதாவது அந்தப் புள்ளிய எடுத்துட்டு அங்க ஒரு கோட்ட வை, கிடையவே கிடையாது, மூணு புள்ளி ஒரே கோட்டுல இல்லாம எடுத்தா வந்துடுது. அங்க எது தடுக்குதுன்னு சொல்றதுதான் கே-ஸ்டெபிலிட்டி, அது இருந்தா மெட்ரிக்கும் இருக்கும்ங்கற ப்ரூஃப சென், டொனால்ட்சன், சுன் மூணு பேரும் 2015ல வெளியிட்டாங்க.

பொங்கலுக்கு வர்றேன்னியே, உன் பழைய நோட்ட மறக்காம எடுத்துட்டு வா. டொனால்ட்சனோட 1983 ப்ரூஃப் பத்து பக்கம்கூட இல்ல, மாடில உக்காந்து கடைசி வரி வரைக்கும் போட்டுப் பாக்கலாம்.