நீ சொன்னதுதான் சரி

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் இரண்டு கடிதமும் மேஜை மேலேயேதான் இருக்கின்றன, தினமும் கண்ணில் படுகின்றன. வாரத்துக்கு ஒரு நாவல், அந்த நாவலைப் பற்றி நாலைந்து கட்டுரை, அந்தக் கட்டுரைகளைப் பற்றி வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பக்கம் என்று முதுகலை ஓடிக்கொண்டிருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நெட்டைக்குக் கல்யாணம் என்று எழுதியவள் அந்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தது என்பதை மட்டும் விட்டுவிட்டாய். அடுத்த கடிதத்தில் அதை முதல் வரியில் எழுது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கணும். இளங்கலை கடைசி வருஷம் மொட்டை மாடியில் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? வர்ஜினியா உல்ஃபின் 'டு தி லைட்ஹவுஸ்' நாவலில், திருமதி ராம்சே செத்துப்போகிற இடம். அவருடைய கணவர் தடுமாறிக்கொண்டு வந்து கைகளை நீட்டுகிறார், அதற்கப்புறம் மூன்றே சொல்லில் தனியாக ஒரு வாக்கியம் வருகிறது, 'அவை வெறுமையாகவே இருந்தன' என்று, அந்த முற்றுப்புள்ளியில்தான் எனக்கு மூச்சு நின்றது என்றாய் நீ. அப்படி ஒரு வாக்கியமே கிடையாது, எல்லாம் ஒரே நீள வாக்கியம் என்றேன் நான். நீ படித்தது நூலகப் பிரதி, அதைத் திருப்பிக் கொடுத்திருந்தாய். என் பிரதி என் கையில் இருந்தது. திறந்து காட்டினேன். நீ ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, 'அப்படியா, நான்தான் தப்பாக ஞாபகம் வைத்திருக்கேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய்.

நீ தப்பாக ஞாபகம் வைத்திருக்கவில்லை. அந்த மூன்று சொல் இருக்கிறது.

போன மாதம் கருத்தரங்க வகுப்பில் அந்தப் பத்தியை வாசிக்கும் முறை என்னுடையது. வாசித்தேன். பக்கத்தில் இருந்த பெண், 'என் புத்தகத்தில் இப்படி இல்லையே' என்றாள். அச்சுப்பிழையாக இருக்கும் என்று நினைத்தேன். ஆசிரியர் இரண்டு புத்தகத்தையும் வாங்கி அருகருகே வைத்தார். பிழையே இல்லை, இரண்டுமே உல்ஃப் எழுதியதுதான்! நாவல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரே நாளில், 1927 மே 5ஆம் தேதி வெளியானது. இங்கிலாந்தில் ஹோகார்த் பிரஸ் பதிப்பகம், அமெரிக்காவில் ஹார்கோர்ட் பிரேஸ். இரண்டு அச்சுப்படிகளையும் அவர் தனித்தனியாகத் திருத்தியிருக்கிறார், ஒன்றில் செய்த திருத்தத்தை மற்றதில் செய்யவில்லை. அமெரிக்கப் பதிப்பில் கைகள் 'நீட்டியும் வெறுமையாகவே இருந்தன' என்று ஒரே வாக்கியமாக ஓடி முடிகிறது. அதுதான் என்னுடையது. பிரிட்டிஷ் பதிப்பில் 'கைகளை நீட்டினார்' என்பது இரண்டு தடவை வருகிறது. இறந்த செய்திக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. அப்புறம் முற்றுப்புள்ளி, அப்புறம் உன் மூன்று சொல். இலக்கணமாகப் பார்த்தால் இந்த வாக்கியம்தான் கொஞ்சம் தள்ளாடுகிறது. ஆனால் இருட்டில் தள்ளாடுகிற மனிதரைப் பற்றிய வாக்கியம் அது, தள்ளாடட்டுமே!

நமக்குப் பாடபேதம், அதாவது ஒரே நூல் பிரதிக்குப் பிரதி சொல் மாறி வருவது, என்றாலே ஓலைச்சுவடி, உ.வே.சா., 1887இல் வந்த சிந்தாமணிப் பதிப்பு, அவ்வளவுதான். நேற்று அச்சான நாவலுக்குப் பாடபேதம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோட்பாடு கோட்பாடு என்று ஒன்றரை வருஷம் படித்திருக்கிறேன், கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. இப்போது எதை எடுத்தாலும் முதலில் பதிப்புப் பக்கம்தான். ஜாய்ஸின் 'யுலிஸஸ்' 1922இல் அச்சானது ஃபிரான்ஸில், திஜோன் நகரத்து அச்சகத்தில், ஆங்கிலம் தெரியாத அச்சுக்கோப்பாளர்கள் கோத்தது. அதைச் சரிசெய்கிறேன் என்று 1984இல் வந்த பதிப்பை வைத்து அறிஞர்கள் அடித்துக்கொண்ட கதையைப் படித்தால் உன் கோர்ட்டு தோற்றுவிடும். அதே 1922இல் வந்த எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' கையெழுத்துப் படி 1971இல் நகலாக வெளியானது, அதை நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவருடைய கவிஞர் நண்பர் எஸ்ரா பவுண்ட் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளியிருக்கிறார். எலியட்டின் மனைவி விவியன் ஓரத்தில் 'அற்புதம்' என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். மதுக்கடையில் பேசுகிற பெண்ணின் ஒரு வரி, பிள்ளை வேண்டாமென்றால் எதற்குக் கல்யாணம் செய்துகொண்டாய் என்பது, விவியன் கொடுத்தது. அந்தக் கவிதையை எத்தனை தடவை படித்திருக்கிறோம்! அந்த வரி அவளுடையது என்று யாராவது நமக்குச் சொன்னார்களா?

திரும்ப உல்ஃபுக்கே வருகிறேன். 1917இல் கணவரோடு சேர்ந்து சாப்பாட்டு மேஜை மேல் கையச்சு இயந்திரத்தை வைத்து ஹோகார்த் பிரஸ்ஸைத் தொடங்கியவர். அந்த எலியட் கவிதைக்கே 1923இல் தன் கையால் எழுத்துக் கோத்தவர். ஒரு முற்றுப்புள்ளியை விரலால் எடுத்து வைத்துப் பழகியவர் அதை யோசிக்காமல் வைத்திருப்பாரா? இன்னொன்றும் சொல்கிறேன், இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் அம்மா ஜூலியா இறந்தது 1895 மே 5. நாவல் வெளியானதும் மே 5. அம்மா இறந்தபோது உல்ஃபுக்குப் பதின்மூன்று வயது. கடைசிக் காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்பில் அந்த விடியற்காலையைச் சொல்கிறார். அப்பா அந்த அறையிலிருந்து தள்ளாடி வெளியே வருகிறார், இவள் அவரைத் தடுக்கக் கையை நீட்டுகிறாள், அவர் என்னவோ அரற்றிக்கொண்டு இவளை உரசித் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். நீட்டிய கை அந்தச் சிறுமியுடையது. நாவலில் அதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

இதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. ஆங்கிலத்தில் சாவு வாக்கியத்தின் நடுவில், அதுவும் சதுர அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் வந்து போகிறது. நூறு பக்கத்துக்கு மேல் நம்மோடு இருந்தவளுக்கு அவ்வளவுதான் இடம். தமிழில் 'முந்தின இரவு மனைவி திடீரென்று இறந்துவிட்டதால்' என்று போட்டால் விடுப்பு விண்ணப்பம் மாதிரி ஆகிவிடுகிறது. 'இறந்திருந்தாள்' என்று முடித்தால் சாவுக்கே ஒரு முற்றுப்புள்ளி கிடைத்துவிடுகிறது, அது கிடைக்கவே கூடாத முற்றுப்புள்ளி. கடைசியில் இப்படி வைத்திருக்கிறேன்: 'இருட்டான ஒரு காலை, நடைவழியில் தடுமாறி வந்தவர் கைகளை நீட்டினார், முந்தின இரவுதான் திடீரென்று மனைவி போயிருக்க, கைகளை நீட்டினார். வெறுங்கைகள்.' போதவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

ஆய்வேட்டுத் தலைப்பையும் மாற்றிவிட்டேன். தத்துவவாதி பெர்க்சன், காலம், நனவோடை என்று அரை அத்தியாயம் எழுதி வைத்திருந்ததை எடுத்துப் போட்டுவிட்டேன். நெறியாளர் நல்லவர்தான், ஆனால் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு 15,000 சொல் எழுத முடியுமா என்கிறார். முடியும் என்றேன். வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. இரண்டு பதிப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், கண் எரிகிறது. ஆனாலும் இந்தப் படிப்புக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக நாவலைப் படிக்கிறேன் என்ற உணர்வு இருக்கிறது. இதுவரை படித்ததெல்லாம் நாவலைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைத்தான்.

ஆனால் இதை எழுதியது ஆய்வேட்டுக்காக இல்லை. உன் அம்மா போனது அந்த வருஷம்தானே. போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. நீ அந்த வாக்கியத்தை எதற்காக மனசில் வைத்திருந்தாய் என்று நான் கேட்கவே இல்லை. புத்தகத்தைத் திறந்து காட்டி ஜெயித்தேன். உன்னிடம் இருந்த ஒன்றை, அது இல்லவே இல்லை என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன். மன்னித்துவிடுடி.

பிரிட்டிஷ் பதிப்பு ஒரு பிரதி கிடைத்தது, உனக்குத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கோடு எதுவும் போடவில்லை. அப்பாவை ரொம்பக் கேட்டதாகச் சொல். பந்தய விஷயம் முதல் வரியில் வரணும், மறக்காதே.

உன்,
மொட்டைமாடிக்காரி