பாட்டிக்கும், லாரிக்குக் கை கொடுத்த எல்லாருக்கும்

நேற்று இரவு பதினொன்றரைக்கு ரதம் கோவில் வாசலுக்குத் திரும்பி வந்து நின்றது. இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கியும் கை நடுக்கம் நிற்கவில்லை. தூக்கமும் வரவில்லை. சரி, மனதில் இருப்பதை இப்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ரதத்துக்கான எங்கள் லாரியின் ஸ்டியரிங் கெட்டு என்ன ஆனது என்பது இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆத்தா காப்பாற்றினாள், அவ்வளவுதான்.

முதல் நன்றி எங்கள் பழைய தோட்டத்துப் பாட்டிக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

லாரி வைத்திருப்பவர்களுக்குத்தான் இது முழுசாகப் புரியும், இருந்தாலும் சொல்கிறேன். எங்களுடையது பெட்ஃபோர்டு ஜே வகை. தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றி, அப்புறம் செம்பனைக் குலை ஏற்றி, கடைசியில் கழித்துப் போட்டபோது அப்பா வாங்கியது. பெட்ஃபோர்டு லாரிகள் செய்த இங்கிலாந்து டன்ஸ்டபிள் தொழிற்சாலையே 1987-இல் வேறு கைக்கு மாறிவிட்டது, அதனால் எந்தச் சாமானும் உடைந்தால் உடைந்ததுதான். ஸ்டியரிங் பெட்டியில் ஷாப்ட்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்து, ஆயில் கசிந்து, சக்கரம் திரும்புவதற்கு முன்னால் ஸ்டியரிங் கால் சுற்று சும்மா ஆடியது. அதைச் சரி செய்ய வேண்டுமானால் ஷாப்ட்டை வெளியே எடுக்க வேண்டும், ஷாப்ட்டை எடுக்க வேண்டுமானால் முதலில் டிராப் ஆர்ம், அதாவது பெட்டியிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கை, கழன்று வர வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். அந்த ஆர்ம் ஷாப்ட்டின் நுனியில், கூம்பாகச் சரியும் பற்களில் ஏறி உட்கார்ந்து, பெரிய நட்டு போட்டு இறுக்கி, எத்தனையோ வருஷமாக அசையாமல் இருந்தது. சுத்தியலால் அடித்தால் அடி முழுக்கப் பெட்டிக்குள் இருக்கும் பேரிங்குக்குப் போகும். கேஸ் வைத்துச் சூடு காட்டினால் எஃகின் பதம் கெடும், ஸ்டியரிங் சாமானில் அந்த வேலையே ஆகாது. ஒருவர் ஆர்மை அறுத்துவிடலாம் என்றார். அறுத்துவிட்டு வேறு எங்கே போய் வாங்குவது?

இப்படி இறுகிப்போனதை இழுத்துக் கழற்றுவதற்கென்றே புல்லர் என்று ஒரு சாமான் உண்டு. குதிரை லாடம் மாதிரி வளைந்த கனத்த இரும்பு, நடுவில் ஒரு திருகு. ஈப்போவில் ஏழு கடை ஏறி இறங்கினேன். கிடைத்ததெல்லாம் காருக்கானவை, வாய் பத்தவில்லை. சாதாரண இரண்டு கால் புல்லரின் கால்களோ ஆர்முக்கும் பெட்டிக்கும் நடுவில் நுழையவே மாட்டேன் என்றன, நுனியை மட்டும் மாட்டி இறுக்கினால் வழுக்கிக்கொண்டு வந்து என் முட்டியைப் பதம் பார்த்தது. புதன்கிழமை இரவு வேறு வழி தெரியாமல் ஒரு அட்டையில் அந்தப் புல்லரைப் படமாக வரைந்து, "இந்தச் சாமான் யார் வீட்டிலாவது இருக்கிறதா" என்று எழுதி, மளிகைக் கடை ஐஸ் பெட்டி மேல் ஒட்டிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலையில் பசியாறிக்கொண்டிருக்கும்போது பள்ளி உடையில் ஒரு பெண் பிள்ளை சைக்கிளில் வந்து நின்றது. "அங்கிள், அது எங்க பாட்டி வீட்டுக் கதவுல இருக்கு."

அப்படியே இருந்தது. கொல்லைப்புறக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். தோட்டத்து ஸ்டோர் போட்ட வெள்ளைப் பெயின்ட் எண் பாதி அழிந்திருந்தது, அதன் மேல் காய்ந்த குங்குமம். தாத்தா தோட்டப் பட்டறையில் பிட்டராக இருந்தவர், தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு எல்லாரும் தாமான் குடியிருப்புக்குக் குடி வந்தபோது இதையும் கூடவே கொண்டு வந்திருக்கிறார். அவர் போன பிறகும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பாட்டி அதைக் கழுவி, திருகுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, பொட்டு வைத்து சாமி முன்னால் வைத்துவிட்டுத்தான் மறுபடி கதவுக்குக் கொண்டு போவாராம். நான் திருகைப் பிடித்துத் திருப்பினேன், இரண்டு விரலுக்கே சுற்றியது.

சாமானை வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். பாட்டி செருப்பை மாட்டிக்கொண்டு, "நானும் வரேன்" என்றார். எண்பதை நெருங்கும் வயசு. லாரிப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தோம். நான் நட்டை முழுசாகக் கழற்றப் போனபோது, "டேய் தம்பி, ரெண்டு புரி விட்டு வை. விட்டா தெறிச்சு மூஞ்சியில வரும்" என்றார். ஷாப்ட்டிலும் ஆர்மிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொன்னார், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போய்விடும். திருகை இறுக்கினேன், அசையவில்லை. இன்னும் இறுக்கினேன். "போதும், அப்படியே விடு. ஆர்ம் கண்ணுக்குப் பக்கவாட்டுல ஒரு தட்டுத் தட்டிட்டு, போய் டீ குடிச்சுட்டு வா." போகவில்லை, அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அஞ்சு நிமிஷம் இருக்கும். டங் என்று ஒரு சத்தம், லாரியே ஒரு குலுக்குக் குலுங்கியது. "விட்டிருச்சு," என்றார் பாட்டி, என்னைப் பார்க்காமலே.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். வேலை நடந்த அவ்வளவு நேரமும் டார்ச் லைட் பாட்டி கையில்தான் இருந்தது. என் மகனிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டார். இங்கே பிடி, அங்கே காட்டு என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. என் கை அடுத்து எங்கே போகப் போகிறதோ, வெளிச்சம் அதற்கு முன்னாலேயே அங்கே போய் நின்றது. எத்தனை ராத்திரி தாத்தாவுக்கு இப்படி விளக்குப் பிடித்திருக்க வேண்டும்! ஊர் முழுக்க மெக்கானிக்கைத் தேடினேன், வாரம் இரண்டு தடவை அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறேன், பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. அது இப்போதும் மனசை அறுக்கிறது.

மற்றவர்களையும் மறக்கவில்லை. ஒரே ராத்திரியில் வெண்கலப் புஷ் கடைந்து கொடுத்த ஈப்போ லேத் பட்டறை அண்ணன், பழைய சரக்கில் தேடி ஆயில் சீல் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கோவில் காரியம் என்று காசு வாங்காத கடை முதலாளி தவுக்கே, கோலகங்சாரிலிருந்து கிரீஸ் துப்பாக்கியோடு வந்த மாமா, லாரியைத் தள்ளிய பிள்ளைகள், மூன்று நாளும் நாசி லெமாக் தேங்காய்ப் பால் சோறு கட்டி அனுப்பிய தங்கச்சிகள், எங்களை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாத கோவில் நிர்வாகத்தார், எல்லாருக்கும் கை கூப்புகிறேன்.

புல்லரை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார் பாட்டி. மாட்டேன். அது அந்த வீட்டுச் சாமான், வெள்ளிக்கிழமை கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டு போய்க் கொடுக்கப் போகிறேன். இனி ஆயுத பூஜைக்கு லாரிக்கு மாலை போடும் முன்னால் முதல் மாலை அதற்குத்தான். என் மகன் புல்லர் வைத்துக் கழற்றும் வேலையைப் பாட்டியிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் போகிறான், அவனே கேட்டான், பாட்டியும் சரி என்றுவிட்டார். இப்போதைக்குக் கொல்லைக் கதவுக்கு முட்டாக ஒரு சிமெண்டுக் கட்டி வார்த்துக் கொடுத்திருக்கிறேன். கனம் பத்தவில்லையாம், காற்றடித்தால் நகர்கிறதாம். நாளைக்கு வேறு ஒன்று வார்க்க வேண்டும்.