மரக்கன்றுகளும் மாதம் 25 டாலரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, வேலையற்ற இளைஞர்களுக்குக் காட்டு வேலை தந்த அமெரிக்க அரசுத் திட்டமான குடிமக்கள் வனப் பாதுகாப்புப் படையை ‘மரம் நட்ட இயக்கம்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. அப்படையினர் ஏறத்தாழ 300 கோடி மரங்களை நட்டது உண்மையே. எனினும், வேலையில்லாத குடும்பங்களின் வயிற்றுப்பாடே அதற்கு முதற்காரணம் என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

வர்ஜீனியா மாநிலத்து ஜார்ஜ் வாஷிங்டன் தேசிய வனத்தில், மசனட்டன் மலையில் 1933 ஏப்ரல் 17 அன்று திறக்கப்பட்ட ரூஸ்வெல்ட் முகாம்தான் இத்திட்டத்தின் முதல் முகாம். குடியரசுத் தலைவராக பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பதவியேற்றது மார்ச் 4இல். இத்திட்டத்துக்கான சட்டம் கையெழுத்தானது மார்ச் 31இல். அரசுக் கோப்புகள் நகரும் வேகம் அறிந்தவர்களுக்கு இது வியப்பாகவே இருக்கும். ஆட்களைத் திரட்டி உணவும் உடையும் தங்குமிடமும் தரும் பொறுப்பை இராணுவமும், காட்டு வேலையை மேற்பார்க்கும் பொறுப்பை வனத்துறையும் பகிர்ந்துகொண்டதால்தான் அந்த விரைவு கைகூடியது.

தொடக்கத்தில் 18 முதல் 25 வயது வரையுள்ள, மணமாகாத இளைஞர்களையே பெரும்பாலும் சேர்த்தார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும், இளைஞன் கையில் மிஞ்சுவது ஐந்தே டாலர். காட்டுப் பாதை வெட்டியும், தீக்கண்காணிப்புக் கோபுரம் எழுப்பியும், தொலைபேசிக் கம்பி இழுத்தும் அவன் ஈட்டிய பணம், எங்கோ ஒரு நகரத்துச் சந்தில் அடுப்பெரிய உதவியது. எழுதப் படிக்கத் தெரியாமல் வந்தவர்களில் 40,000 பேருக்கு மேல் முகாம்களிலேயே எழுத்தறிவு பெற்றார்கள்.

இத்திட்டத்தைப் புகழ்வோர் மறந்துவிடும் செய்தியும் உண்டு. இன, நிற, சமய வேறுபாடு காட்டலாகாது என்ற விதி, அன்றைய காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) இருந்த ஒரே கறுப்பின உறுப்பினரான ஆஸ்கர் டி பிரீஸ்ட்டின் முயற்சியால் சட்டத்திலேயே இடம்பெற்றது. அப்படியிருந்தும், 1935இல் படையின் இயக்குநர் ராபர்ட் ஃபெக்னர் கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் வைக்க ஆணையிட்டார். பெண்களுக்கோ இப்படையில் இடமே இல்லை.

போர் வந்து ஆட்களை இழுத்துக்கொள்ள, 1942இல் காங்கிரஸ் நிதியை நிறுத்தியது. ரூஸ்வெல்ட் முகாமும் அவ்வாண்டே மூடப்பட்டது. இன்று அங்கே கூடாரமடித்துத் தங்குவோர், பழைய கட்டடங்களின் அடித்தளங்களைக் காணலாம். இதே பொருளில் மீண்டும் கட்டுரை வெளியிட்டால், அந்த 25 டாலரையும் அந்தத் தனி முகாம்களையும் சேர்த்தே எழுதுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
திருச்சி