கடல் சாமந்தி செடியல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மன்னார் வளைகுடா பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில் 'கடலடியில் பூத்துக் குலுங்கும் சாமந்திச் செடிகள்' என்றொரு வரி. முப்பத்தோரு வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவள் நான். அந்த வரியைத் தாண்டிப் படிக்க மனம் வரவில்லை. கடல் சாமந்தி பவளத்துக்கும் சொறி மீன் என்கிற ஜெல்லி மீனுக்கும் சொந்தக்கார விலங்கு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எப்படி விட்டீர்கள்?

எங்கள் மண்டபத்துக் கரையில் கடல் வற்றும் நாளில் முழங்கால் தண்ணீரில் நடந்தால், தாழை என்று நாங்கள் சொல்லும் கடற்புல்லுக்கு நடுவே மணலோடு மணலாக ஈரச் சாக்கை விரித்தாற்போல் ஒன்று கிடக்கும். அரை மீட்டர் அகலம் இருக்கும். அதுவும் ஒரு கடல் சாமந்திதான்; ஸ்டிகோடாக்டைலா ஹட்டோனி என்று பாடத்தில் சொல்வோம். பத்து வயதில் அதில் விரல் வைத்தேன். கோந்தில் பட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. பதறி உதறினேன், அதுவும் சுருங்கி மணலுக்குள் அமிழ்ந்துவிட்டது. செடி இப்படி ஒளிந்துகொள்ளுமா?

படமும் எங்கள் கடலுடையதல்ல. இங்கே அதற்குள் குடியிருக்கும் கோமாளி மீன் கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். நீங்கள் போட்டிருப்பது ஆரஞ்சு மீன். எங்கள் கடலைப் பற்றி எழுத எங்கள் கடலின் படம் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை?

இது முதல் தடவையும் இல்லை. பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் மூழ்கின. உங்கள் இதழோ அதைக் 'கல் எடுப்பு' என்றே எழுதி வந்தது. 2016இல் பவளங்கள் வெளுத்தபோது நான் எழுதிய கடிதத்தையும் நீங்கள் போடவில்லை.

எல்லாவற்றிலும் என்னைச் சுட்டது கடைசி வரிதான்: 'வீட்டுத் தொட்டியிலும் வளர்க்கலாம்.' தொட்டி வியாபாரத்துக்காக அதைக் கம்பியால் நெம்பி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அடிப்பாதம் கிழிந்தது வாளியிலேயே கூழாகி, மறுநாள் நாற்றத்தில் கிட்டே போக முடியவில்லை. அதன் உடலுக்குள் இருக்கும் நுண்பாசிதான் வெயிலில் அதற்குச் சோறாக்கிப் போடுகிறது. தெளிந்த, ஆழமில்லாத கடல் இல்லாமல் அது எங்கே பிழைக்கும்? கோமாளி மீனையாவது இதே மண்டபத்து ஆராய்ச்சி நிலையத்தில் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார்கள்.

என் பேத்தி உங்கள் கட்டுரையை வெட்டிப் பள்ளி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அதையும் வெட்டி, பக்கத்தில் ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
மண்டபம்