வைட்டமின் டி கொடுத்தும் நிமிராத கால்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் கால் வளைவு பற்றித் தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வைட்டமின் டி குறைபாடும் கால்சியம் போதாமையுமே, எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோய்க்குப் பெரும்பாலும் காரணம் என்று அதில் கூறியிருப்பது சரியே. ஆனால் தகுந்த அளவில் வைட்டமின் டி கொடுத்து மூன்று மாதங்கள் கடந்த பிறகும் எக்ஸ்ரே படத்தில் முன்னேற்றம் தெரியாத குழந்தைகளைப் பற்றி அக்கட்டுரை எதுவும் சொல்லவில்லை. குழந்தை நல மருத்துவத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், அத்தகைய குழந்தைகளிடம் தேடிப் பார்க்க வேண்டிய ரீனல் டியூபுலர் அசிடோசிஸ் என்ற சிறுநீரக நுண்குழாய் நோயைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

உண்ணும் உணவிலிருந்து, குறிப்பாகப் புரதத்திலிருந்து, நம் உடலில் நாள்தோறும் அமிலம் உருவாகிறது. அதைச் சிறுநீரில் வெளியேற்றுவதும், அமிலத்தை முறிக்கும் காரப் பொருளான பைகார்பனேட் வடிகட்டப்பட்டு வெளியேறாமல் அதை இரத்தத்துக்கு மீட்டுத் தருவதும் சிறுநீரக நுண்குழாய்களின் வேலை. இவற்றில் ஒன்று தடைப்பட்டாலும் இரத்தத்தில் அமிலம் தேங்குகிறது. நுண்குழாயின் கடைப்பகுதி பழுதுபடும் முதல் வகையில், தேங்கிய அமிலத்தை ஈடுகட்ட எலும்பிலுள்ள காரச் சத்து கரைய, அதனுடன் வெளிப்படும் கால்சியம் சிறுநீரில் மிகுந்து, அதைக் கரைந்த நிலையில் வைத்திருக்க வேண்டிய சிட்ரேட்டும் குறைந்துபோவதால், சிறுநீரகத்திலேயே கல்லாகவும் சுண்ணப் படிவாகவும் தங்கிவிடுகிறது. பொட்டாசியமும் வீணாக வெளியேறுவதால் தசைகள் தளர்கின்றன. குழந்தைக்கு எடை ஏறாது. வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அளவுக்கு மீறிச் சிறுநீர் கழித்தல் ஆகியவை உடனிருக்கும். கால்சியம் ஏற்கெனவே சிறுநீரகத்தில் படிந்துகொண்டிருக்கும் இந்த நிலையில், காரணத்தைத் தேடாமல் வைட்டமின் டி ஊசியை மறுபடியும் மறுபடியும் போடுவது அந்தப் படிவை மேலும் கூட்டக்கூடும்.

நோய் கண்ணுக்குத் தப்புவதற்கு முக்கியக் காரணம், நம் ஊர்களில் 'கிட்னி டெஸ்ட்' என்ற பெயரில் பெரும்பாலும் யூரியா, கிரியாட்டினின் ஆகிய இரண்டை மட்டுமே பார்ப்பதுதான். இந்நோயின் தொடக்கத்தில் வடிகட்டும் பகுதி நன்றாகவே இயங்குவதால் அவ்விரண்டும் இயல்பான அளவிலேயே இருக்கும். சிறுநீரகத்தில் குறை ஒன்றுமில்லை என்ற ஆறுதலோடு பெற்றோரும் வீடு திரும்பிவிடுவார்கள். உண்மையில் பார்க்க வேண்டியவை இரத்தத்தின் பைகார்பனேட், பொட்டாசியம், குளோரைடு அளவுகளும், புதிதாக எடுத்த சிறுநீரின் பிஹெச் அளவும் (அமிலம் மிகுந்தால் இந்த எண் குறையும்), வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ஆகும். இரத்தத்தில் அமிலம் மிகுந்திருக்கையில் நலமான சிறுநீரகம் சிறுநீரின் பிஹெச் அளவை 5.5-க்குக் கீழே இறக்கிவிடும். முதல் வகை நோயில் அது இறங்குவதில்லை. இதற்குத் தமனியில் ஊசி போட்டுத்தான் இரத்தம் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. சிரை இரத்தமே பெரும்பாலும் போதும்.

இந்த வகை பரம்பரையாகவும் வரும். இதற்கும் காது கேளாமைக்கும் பொதுவான ஒரு மரபணுக் குறை 1999-இல் கண்டறியப்பட்டது. நுண்குழாயில் அமிலத்தை வெளியேற்றும் அதே புரதம் உட்காதிலும் வேலை செய்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் காது கேளாமையோடு கூடிய இந்நோய் தோன்றும் என்பதால், மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் உறவுகளில் திருமணம் இன்னும் பரவலாக நடக்கும் தமிழ்நாட்டில் இதைக் கூடுதலாகவே எதிர்பார்க்க வேண்டும். உட்காதில் கேட்புக் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் சிகிச்சைக்காக வரும் குழந்தை வளர்ச்சியும் குன்றியிருந்தால், ஒருமுறை பைகார்பனேட்டையும் பார்த்துவிடுவது நல்லது. சிறுநீரக நோய்க்கான மருந்து செவித்திறனை மீட்பதில்லை என்பது வருத்தத்திற்குரியது.

நுண்குழாயின் முற்பகுதி பழுதுபடும் இரண்டாம் வகையில் பைகார்பனேட்டோடு பாஸ்பேட், சர்க்கரை, அமினோ அமிலங்கள் ஆகியவையும் சிறுநீரில் வெளியேறுவதுண்டு. இரத்தச் சர்க்கரை சரியாக இருக்கும் குழந்தையின் சிறுநீரில் மட்டும் சர்க்கரை தெரிந்தால் அதை அலட்சியப்படுத்தலாகாது. சிஸ்டினோசிஸ், டைரோசினீமியா, தாமிரம் உடலில் தேங்கும் வில்சன் நோய் போன்ற பரம்பரை நோய்கள் அதன் பின்னணியில் இருக்கலாம். பெரியவர்களானால் மைலோமா புற்றுநோயையும் டெனோஃபோவிர் போன்ற மருந்துகளையும் நினைக்க வேண்டும்.

பெரியவர்களில் அதிகம் கவனிக்கப்படாதவர்கள் நடுத்தர வயதுப் பெண்கள் என்பது என் கருத்து. கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் ஷோக்ரன் நோய்க்குறி நுண்குழாய்களையும் தாக்குவதுண்டு. கண் உறுத்தலை வயதின் மீதும் உடல் சோர்வை வீட்டுவேலையின் மீதும் போட்டுவிட்டு இருந்தவர், திடீரென ஒருநாள் பொட்டாசியம் மிகவும் இறங்கிக் கைகால் அசைக்க இயலாமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுவதைப் பக்கவாதம் என்று எண்ணிவிட இடமுண்டு. பொட்டாசியத்தை முதலில் உயர்த்தாமல் சோடா பைகார்பனேட்டை மட்டும் ஏற்றினால் அது இன்னும் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கு நேர்மாறாகப் பொட்டாசியம் கூடும் நான்காம் வகை, நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளிடமும், சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளோடு வலிநிவாரணிகளையும் உட்கொள்பவர்களிடமும் காணப்படுகிறது.

சோடா பைகார்பனேட் மாத்திரையும் பொட்டாசியம் சிட்ரேட் கலவையுமே, பொட்டாசியம் குறையும் முதல் இரண்டு வகைகளுக்கான அடிப்படை மருந்துகள். இரண்டும் விலை குறைந்தவை. முதல் வகைக் குழந்தைக்கு உரிய காலத்தில் தொடங்கினால் எலும்பு திருந்துவதுடன், பின்தங்கிய உயரமும் பெருமளவு ஈடாகிறது. பரம்பரை நோயானால் மருந்தை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். ஏற்கெனவே படிந்த சுண்ணம் பெரும்பாலும் கரைவதில்லை. எடைக்கும் இரத்த அளவுக்கும் ஏற்ப மருந்தளவு மாறுவதால், ஆப்பசோடாவைக் கரைத்து வீட்டிலேயே யாரும் கொடுத்துவிட வேண்டாம்.

ரிக்கெட்ஸ் குணமாகாத குழந்தைக்கும், சிறுவயதிலேயே சிறுநீரகக் கல் வந்தவருக்கும் பைகார்பனேட்டும் பொட்டாசியமும் கட்டாயம் பார்க்கப்பட வேண்டும். வட்ட அளவிலான அரசு மருத்துவமனை ஆய்வகங்கள் அனைத்திலும் எல்லா நாட்களிலும் இவ்விரு சோதனைகளும் கிடைக்கச் செய்யுமாறு சுகாதாரத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழந்தை நல மருத்துவர்,
தஞ்சாவூர்.