பாசி எண்ணெய்ச் சத்து என்று சொல்லி விற்றது வெறும் சுருள்பாசி (ஸ்பைருலினா) தூள்

அனுப்புநர்: வாடிக்கையாளர், செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: நாய்களுக்கான உங்கள் மூட்டு மாத்திரை தொடர்பான புகார்.

ஐயா, வணக்கம்.

எங்கள் லாப்ரடார் கருப்பனுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. எடை 34 கிலோ. போன வருடம் எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருப்பது தெரிந்தது. டாக்டர் வலி மாத்திரை எழுதினார், எடையைக் குறைக்கச் சொன்னார். கூடவே ஒமேகா-3 என்ற கொழுப்புச் சத்து கொடுக்கலாம், அதிலும் இபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு வகையும்தான் மூட்டு வீக்கத்துக்கு உதவும் என்றார். மீன் எண்ணெய் கொடுத்தோம், இரண்டே நாளில் வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது. "சரி விடுங்க, மீனுக்கே அந்தச் சத்து பாசியிலிருந்துதான் வருது. பாசி எண்ணெய் கிடைச்சா பாருங்க" என்றார்.

ஜூன் மாதம் புனலூர் போனபோது அங்கே ஒரு கடையில் உங்கள் டப்பாவைப் பார்த்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'மூட்டுகளுக்கு ஒமேகா-3 பாசி' என்று இருந்தது. 60 மாத்திரை 1,180 ரூபாய். இரண்டு டப்பா வாங்கினேன்.

தினம் இரண்டு மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் பிசைந்து வைப்பேன். சோறு பச்சையாகிவிடும். கருப்பன் ஓரத்தில் வெள்ளையாக இருப்பதை நக்கிவிட்டு என்னையே பார்ப்பான். நான் கையால் ஊட்டினால் சாப்பிடுவான். எங்கள் ஊரில் அது சாரல் காலம். ஈரக் காற்றில் அவனுக்கு இடுப்பு இறுகிப்போகும். திண்ணைக்கு மூன்று படிதான். முதல் படியில் முன்னங்காலை வைத்துக்கொண்டு, பின்னங்காலைத் தூக்க முடியாமல் நின்றுவிடுவான். ஐம்பது நாளுக்கு மேல் கொடுத்தும் அதில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆகஸ்டில் டாக்டர் டப்பாவை வாங்கிப் பார்த்து, "இதில் இபிஏ எத்தனை மில்லிகிராம்?" என்று கேட்டார். எங்கு தேடியும் இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் சுருள்பாசித் தூள் 500 மில்லிகிராம் என்று மட்டும் இருக்கிறது. சுருள்பாசி எனக்குப் புதிதில்லை. என் அக்கா வீட்டில் தொட்டியில் வளர்த்துக் காயவைத்து விற்றார்கள். புரதம் நிறைய உள்ள நல்ல பொருள்தான். ஆனால் இபிஏவும் டிஹெச்ஏவும் அதில் இல்லை என்றே சொல்லலாம். அவற்றைத் தருவது கடலில் வாழும் வேறு வகை நுண்பாசிகளிலிருந்து எடுக்கும் எண்ணெய். பாசி என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாகக் காட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் சேவை எண்ணுக்கு மூன்று முறை பேசினேன். "இயற்கைப் பொருள்தானே, தொடர்ந்து கொடுங்கள், பலன் தெரியும்" என்கிறார்கள். நான் கேட்டது பக்கவிளைவைப் பற்றி அல்ல. எழுதியிருக்கும் சத்து உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பணம்கூடப் போகட்டும். பத்து வயது நாய்க்கு இரண்டு மாதம் என்பது சின்ன காலம் இல்லை. அந்த இரண்டு மாதமும் சரியான மருந்து கொடுக்கிறோம் என்று நம்பி, வேறு எதையும் தேடாமல் இருந்துவிட்டேன்.

2,360 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். ஒரு மாத்திரையில் இபிஏ, டிஹெச்ஏ எவ்வளவு என்று எழுத்தில் சொல்லுங்கள். அவை இல்லையென்றால் டப்பாவின் முன்பக்கத்திலிருந்து 'ஒமேகா-3' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுப்பேன்.

ரசீது நகலும் டப்பாவின் இரண்டு பக்கப் படங்களும் இணைத்துள்ளேன். மீதி 14 மாத்திரைகள் என்னிடம்தான் இருக்கின்றன, சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
செங்கோட்டை.