பத்து விநாடிக் கணக்கு

தருமபுரி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும், அத்துடன் நீ வைத்திருந்த போலீஸ் நோட்டீஸின் நகலும் கிடைத்தன. இங்கு அனைவரும் நலம். பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்து, தினமும் கிருஷ்ணகிரி வழியாகப் போய் வருகிறான். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில், வேக வரம்பு நேரத்துக்கு நேரம் மாறும் மோட்டார்வே என்ற விரைவுச் சாலையில், மணிக்கு 50 மைல் வரம்பில் 59 மைல் வேகத்தில் சென்றாய் என்கிறது நோட்டீஸ். தலைக்கு மேலிருந்த, வரம்பைக் காட்டும் மின்பலகையில் 60 என்றுதான் எரிந்தது என்கிறாய் நீ. உன் பேச்சில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும், இந்த ஊர் நீதிமன்றத்தில் வாகன வழக்குகளோடேயே காலம் தள்ளியவன் என்பதால், பலகையை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாய் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. நீ எழுதிய நான்கு பக்கத்தில் போக்குவரத்து நெரிசல், மழை, பக்கத்தில் வந்த லாரி எல்லாம் இருக்கின்றன. அந்த ஒரு விவரம் மட்டும் இல்லை.

உங்கள் ஊரில் இப்படி வேக வரம்பு மாறும் மோட்டார்வேக்களுக்கென்று தனித்தனி விதிமுறைகள் இயற்றப்பட்டிருக்கின்றன. அவற்றை எடுத்துப் படித்தேன். வாகனம் பலகையைக் கடக்கும் கணத்தில் அதில் தெரியும் எண்தான் ஓட்டுநருக்குரிய வரம்பு. ஆனால் கடப்பதற்கு 10 விநாடிக்கு முன் அதே பலகையில் அதைவிட அதிகமான எண் இருந்திருந்தால், அந்த அதிக எண்ணே வரம்பு. இந்த 10 விநாடி போலீஸ்காரர் மனமிரங்கித் தரும் சலுகை அன்று, சட்டத்திலேயே எழுதப்பட்ட உரிமை என்பதை நன்றாக மனத்தில் வை. மணிக்கு 60 மைல் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர். பத்து விநாடியில் 270 மீட்டர் கடந்துவிடுவாய். ஆகவே பலகைக்கு 270 மீட்டர் தூரத்தில் நீ வந்தபோது அதில் 60 எரிந்திருந்தால், பிறகு அது 50 ஆக மாறியிருந்தாலும் உன் வரம்பு 60தான். 59இல் போனது குற்றமே ஆகாது. அதற்கும் முன்பே, அரை மைல் தூரத்தில் நீ வரும்போதே மாறிவிட்டதென்றால், நீ 60ஐப் பார்த்தது உண்மையாகவே இருந்தாலும் அதனால் பயன் இல்லை. உன் வழக்கு முழுவதும் பலகை மாறிய நேரத்துக்கும் நீ அதைக் கடந்த நேரத்துக்கும் இடையிலுள்ள விநாடிகளில்தான் அடங்கியிருக்கிறது.

அந்த விநாடிகளைக் கேள்வி கேட்க உனக்கு நியாயமான காரணமும் இருக்கிறது. சில கேமராக்களுக்கும் அவற்றுக்குரிய பலகைகளுக்கும் இடையே சுமார் 10 விநாடி தாமதம் இருந்தது என்றும், அதனால் 2021 முதல் ஏறத்தாழ 2,650 முறை வாகனங்கள் தவறாகப் பிடிபட்டன என்றும் அந்தச் சாலைகளைப் பராமரிக்கும் நேஷனல் ஹைவேஸ் நிறுவனமே 2025 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. நாளொன்றுக்கு இரண்டுகூட வராத கணக்கு என்பதால், உன் நோட்டீஸும் அதில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இயந்திரம் பிசகவே பிசகாது என்று இனி யாரும் உன்னிடம் அடித்துப் பேச முடியாது.

அதற்காகக் கோபத்தில் நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடாதே. கிழித்துப் போடப்போவதாக நீ எழுதிய வரிதான் என்னைக் கவலைப்படுத்தியது. வண்டியை ஓட்டியவர் யார் என்று 28 நாளுக்குள் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புவது கட்டாயம். ஓட்டியது நான்தான் என்று சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. சொல்லாமல் விட்டால் அதுவே தனிக் குற்றமாகி, உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகளும் 1,000 பவுண்டு வரை அபராதமும் வரும். வேகத்துக்காக வழக்கமாகத் தரும் 3 புள்ளி, 100 பவுண்டு அபராதத்தைவிட அது பெரிது. சம்பவம் நடந்து 14 நாளுக்குள் நோட்டீஸ் உரிமையாளருக்குக் கிடைக்கவேண்டும் என்ற விதியைச் சிலர் பெரிய ஆயுதமாகச் சொல்வார்கள். உனக்கு அந்தக் கெடுவுக்குள்ளேயே வந்துவிட்டதால் அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பதில் அனுப்பிய பிறகு, அபராதத்துக்குப் பதிலாக வேகக் கட்டுப்பாடு பற்றிய வகுப்புக்கு வருகிறாயா, அபராதம் கட்டுகிறாயா, நீதிமன்றத்துக்குப் போகிறாயா என்று கேட்பார்கள். வகுப்பையோ அபராதத்தையோ ஏற்றுக்கொண்டால் விவகாரம் அத்துடன் முடிந்தது. மறுத்துப் பேச இடமில்லை. நீதிமன்றம் என்றால் மோட்டார்வே குற்றத்துக்கு அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம், தோற்றால் செலவுத் தொகையும் உன் தலையில்தான். ஆகையால் முடிவெடுக்குமுன் கேமரா எடுத்த படங்களைக் கேட்டு வாங்கு. அந்தப் பலகை எத்தனை மணி, நிமிடம், விநாடிக்கு 50 ஆக மாறியது என்ற பதிவையும் எழுத்து மூலம் கேள். வழக்குக்கு முன் அதைத் தர மறுக்கலாம். மறுத்தாலும், கேட்டதற்கு உன் கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.

இங்கே சென்ற ஆண்டு எதிர்வீட்டுப் பால் வியாபாரிக்கு இதே போன்ற ஒரு சங்கடம் வந்தது. அவருடைய வேன் பிரேக் வேலைக்காகப் பட்டறையில் நின்றிருந்த நாளில், அது தொப்பூர் கணவாயில் வேகமாகப் போனதாகச் செல்போனுக்குத் தகவல் வந்தது. ஐயா, நான் வேகமாகவே ஓட்டமாட்டேனே என்று எழுதித் தரச் சொன்னார். அது வேண்டாம் என்று படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தோம். டி.என். 29 என்பது தெளிவாக இருந்தது. கடைசி எண்ணின் இடப்பக்கம் சேறு அப்பியிருந்ததால் 8 என்பது 3 ஆகப் படிக்கப்பட்டிருந்தது. படத்தில் இருந்ததோ வேன்கூட இல்லை, ஒரு மினி லாரி. பட்டறை ரசீதை இணைத்து அரைப் பக்கத்தில் மனு போட்டோம், ரத்தாயிற்று. இத்தகைய கருவிகளுக்கு ஆண்டுதோறும் சான்று புதுப்பிக்கவேண்டும், கண்காணிப்பு உண்டென்று முன்கூட்டியே பலகை வைக்கவேண்டும் என்றெல்லாம் 2021இல் நம் நாட்டு விதியிலும் சேர்த்தார்கள். அவற்றைத் தொடவேண்டிய அவசியமே வரவில்லை.

மாறும் வரம்பே மோசடி என்று நீ எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தொப்பூர் இறக்கத்தை நீ மறந்திருக்கமாட்டாய். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளின் மேல் ஏறிய செய்தி இன்றும் வந்தவண்ணம் இருக்கிறது. வெயிலானாலும் மழையானாலும் எழுதி வைத்த எண் அதேதான். கீழே ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தாலும் வளைவு திரும்பும் வரை மேலிருந்து வருபவனுக்குத் தெரியாது. அங்கே முன்கூட்டியே 30 என்று எரியும் பலகை ஒன்று இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும். ஆகவே கடிகாரத்தோடு மட்டும் சண்டை போடு, பலகையோடு வேண்டாம். நீதிபதியும் அப்போதுதான் காது கொடுப்பார்.

28 நாள் கெடுவில் பாதி கடந்திருக்கும். ஓட்டுநர் விவரத்தை இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பிவிடு. படங்கள் வந்ததும், பலகை முதலில் கண்ணில் பட்ட இடம் எது என்பதையும் குறித்து எனக்கு அனுப்பு. பதிவு கேட்டு எழுதவேண்டிய கடிதத்தை நானே வரைந்து தருகிறேன்.

அன்புடன்,
உன் கல்லூரி நண்பன்